ரபிக்குப் பஞ்சாங்கம் பார்த்த ஏழு வருடம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக எழுதுகிறவர்கள் முப்பது நாற்பது வருடம் உழைத்து, இடுப்பு வலியோடு ஓய்வுக்கு வந்து சேர்ந்தவர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. "நானும் ஓய்வு பெற்றவள்தானே, எழுதட்டோ?" என்று சஞ்சிகை ஆசிரியர் அண்ணையிடம் கேட்டபோது, "நீ ஓய்வு பெறேல்லை பிள்ளை, வேலையை விட்டனி. ரெண்டும் வேற" என்றார். பிறகு என்ன வேலை என்று விசாரித்தார். ஒரு யூத ஜெபாலயத்தில் ரபியின், அதாவது மதகுருவின், காரியதரிசி, கடிதம் எழுதுவது, டெர்மின் (சந்திப்பு நேரம்) குறிப்பது, செத்தவர்களுக்குத் திதி பார்ப்பது என்றேன். "சரி, எழுது. பொய் எழுதாதை" என்றார்.

எழுதச் சொல்லித் தூண்டியது இன்னொருத்தி. எனக்குப் பின் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண் போன வாரம் கூப்பிட்டாள். "ஆதார் மாதத்துக் கோப்பின் முதல் பக்கத்திலை சிவப்பு மையாலை 'அப்பாவைக் கேட்காதே' எண்டு எழுதியிருக்கு. உங்கடை கையெழுத்து. இது யூத விதியோ, அலுவலக விதியோ?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை. அது நான் வாங்கிக் கட்டிக்கொண்ட விதி.

என் படிப்பை நான்கு வரியில் முடித்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் பிறந்தேன். பல்கலைக்கழகத்தில் அப்பாவுக்காகக் கணினி ஒரு வருடம், அம்மாவுக்காகப் பொருளியல் ஒரு வருடம், கடைசியில் யாருக்காகவும் இல்லாமல் மதவியல். அங்கே எபிரேயம் மூன்று பருவம் படித்தேன். எபிரேயம் வாசிக்கிற தமிழச்சி என்று உலகத்திலேயே அதிகம் பிரமித்தவள் நான்தான், மற்றவர்கள் பொதுவாக "அதாலை என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்கள்.

கிடைத்தது. ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு சிறிய நகரம். வாசலில் எந்நேரமும் பொலிஸ் வண்டி நிற்கும் ஒரு ஜெபாலயம். அதன் அலுவலகத்துக்கு எபிரேய எழுத்து வாசிக்கத் தெரிந்த காரியதரிசி தேவைப்பட்டது. நேர்முகத்துக்குப் போனேன். உலகத்து நிலாக் காலண்டர்களைப் பற்றி நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். எதிரே இருந்த ரபி முழுவதையும் கேட்டுவிட்டு, "கடித உறையிலை முத்திரை நேரா ஒட்டுவியோ?" என்றார். அவர்தான் ரபி யூதித். (நாங்கள் கதைத்ததெல்லாம் ஜெர்மனில். ஆனால் ஆட்கள் பகிடி விடுவதும் கோபப்படுவதும் என் காதில் எங்கள் வீட்டுத் தமிழில்தான் விழும், அப்படியே தருகிறேன்.)

அம்மா ஊராரிடம் "பிள்ளை சேர்ச்சிலை வேலை செய்யுது" என்று சொல்லிவைத்தார். ஏழு வருடமும் அதைத் திருத்தவில்லை. விளக்கப் போனால் நான் பன்னிரண்டு நிமிடம் எடுப்பேன் என்று பயம்.

ரபி யூதித் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். வீட்டில் யூதர் என்ற சொல்லே புழங்கவில்லை. பதினாறு வயதில் ஒரு மாமாவை அடக்கம் செய்யப் போன இடத்தில், கல்லறைக் கல்லெல்லாம் தனக்குத் தெரியாத எழுத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் தாங்கள் யாரென்று அறிந்தாராம். ஓபரா அரங்கின் கோரஸில் பதினொரு வருடம் பாடினார். "மூண்டாம் வரிசை, இடப்பக்கம். சந்தைப் பொம்பிளை, அழுகிற பொம்பிளை, கிணத்தடிப் பொம்பிளை. ஒரு நாளும் பேர் உள்ள பொம்பிளையா நிக்கேல்லை" என்பார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஜெபாலயத்துப் பாடகர் குழுவிலும் பாடினார். வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துகிறவருக்குக் கன்டோர் என்று பெயர். அவருக்குத் தொண்டை கட்டிய ஒரு நாளில் யூதித் முன்னால் போய் நின்றார். அதற்குப் பிறகு மூன்றாம் வரிசைக்குத் திரும்பவேயில்லை. முதலில் கன்டோர் படிப்பு, அதன் மேல் ரபி படிப்பு, பிறகு ஜெர்மனி. எங்கள் சபைக்கு ஒரு ரபியும் ஒரு கன்டோரும் வேண்டியிருந்தது. இருந்ததோ ஒரு அறை, ஒரு மேசை. இரண்டுமாக அவரே வந்தார்.

வந்தபோது சபை இரண்டாகப் பிரிந்தது. ஆண்களில் ஒரு கட்சிக்குப் பெண் பாடக் கேட்பது விலக்கு. ஆனால் அவர் பிரசங்கம் அவர்களுக்குப் பிடிக்கும். மற்றக் கட்சிக்கு அவர் குரல் என்றால் உயிர். பிரசங்கம் என்றால் கொட்டாவி. ஆகவே அவர் பாடத் தொடங்க முதலாம் கட்சி எழுந்து நடைபாதைக்கு வரும். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்க அது உள்ளே போகும், இரண்டாம் கட்சி வெளியே வரும். கதவோ ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் உற்சாக மிகுதியில் நான் தரையில் அம்புக்குறி ஒட்டினேன்: வலம் உள்ளே, இடம் வெளியே. ரபி அதைக் குனிந்து பார்த்தார். "என்ரை சபையைச் சுப்பர்மார்க்கெட் ஆக்கிப்போட்டாய்" என்றார். உரித்தெடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அது தானாகவே தேய்ந்து போயிற்று.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை பிடிக்க அவரிடம் வேறு முறை இருந்தது. நான் எழுதிய கடிதங்களைக் கையில் எடுத்து, வேதம் ஓதும் இராகத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை பாடுவார். வெப்பமூட்டி பழுதுபார்க்கிற நிறுவனத்துக்கு எழுதிய முறைப்பாடாக இருந்தாலும் சரி, மாநகரசபைக்கு எழுதிய அன்ட்ராக் விண்ணப்பமாக இருந்தாலும் சரி. கண் தாண்டிப் போகிற பிழையில் குரல் தடுக்கி விழும் என்பது அவர் கொள்கை. உண்மைதான். "மிகுந்த மரியாதையுடனும் அளவிலா ஆர்வத்துடனும்" என்று நான் குப்பை வண்டி அலுவலகத்துக்கு எழுதியிருந்ததை அவர் மூன்று ஸ்தாயியில் பாடிக் காட்டிய பிறகு, என் வாழ்க்கையில் 'அளவிலா' என்ற சொல்லே வரவில்லை.

என் ஆர்வத்துக்கு இன்னொரு உதாரணம் வடை. எண்ணெயில் பொரித்த பண்டம் தின்கிற ஹனுக்கா என்ற பண்டிகை அவர்களுக்கு டிசம்பரில் வரும். கடலைப்பருப்பு வடையில் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, அவர்கள் சட்டப்படி குற்றமேயில்லை என்று நூல்களை ஆராய்ந்து தெளிந்து, எழுபது வடை வீட்டில் சுட்டுக் கொண்டுபோனேன். சமையலறைக்குப் பொறுப்பு ஃபைனா அக்கா. ஒடெசாவிலிருந்து வந்தவர், எழுபத்தெட்டு வயது.

"எந்தச் சட்டியிலை சுட்டனி?"

"அம்மான்ரை சட்டியிலை."

"அந்தச் சட்டியிலை போன கிழமை என்ன பொரிச்சவ?"

இறால். அது அவர்களுக்கு விலக்கு, அது பொரிந்த சட்டியும் விலக்கு. எழுபது வடையும் வாசலில் நின்ற பொலிஸ்காரர்களுக்குப் போயிற்று. அடுத்த வருடம் ஃபைனா அக்காவின் சமையலறையிலேயே, அவர் தந்த சட்டியில், அவர் தந்த எண்ணெயில் சுட்டேன். அடுப்பை மட்டும் அவரே வந்து பற்றவைத்தார். அதுவும் ஒரு விதி: நெருப்பு யூதர் கையால் மூட்டப்பட வேண்டும். "மிச்சம் முழுக்க நீ செய், பேர் எனக்கு வரட்டும்" என்றார்.

இப்போது திதிக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு மை எழுத்துக்குக் காரணமும் இதுதான்.

யூதர்களும் எங்களைப் போல் செத்தவருக்கு வருடா வருடம் நிலாக் கணக்குப்படி நாள் பார்க்கிறவர்கள். அந்த நாளில் வீட்டில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவார்கள். மகனோ மகளோ ஜெபாலயத்துக்கு வந்து கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்துப் பேர் கூடி நின்று ஆமென் சொன்னால்தான் அது கதீஷ். இந்த நாள் ஜெர்மன் காலண்டரில் வருடா வருடம் நகரும் என்பதால், யாருக்கு எப்போது என்று கணக்குப் பார்த்து மூன்று நான்கு வாரம் முன்பே கடிதம் அனுப்புவது அலுவலகத்தின் வேலை. எங்கள் சபையின் பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். அங்கே இதெல்லாம் மறந்துபோக வைக்கப்பட்ட விஷயம். ஆகவே கடிதம் வந்தால்தான் அவர்களுக்குத் திதி. என் வார்த்தையே பஞ்சாங்கம். இந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் வருடத்து ஜனவரியில் ரபிக்குக் குரல்வளையில் சிறு முடிச்சுகள். ஆறு வாரம் வாயே திறக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னார். வெளியூர்க் கன்டோர் ஒருவர் வந்து வழிபாட்டைப் பார்த்துக்கொண்டார். கடிதங்களைப் பாடிப் பார்க்க ஆளில்லை. நான் கவலைப்படவில்லை. சொல்லப்போனால், இனி ஒருவரும் பாடிக்காட்ட மாட்டார்கள் என்று கொஞ்சம் சந்தோஷம்.

அந்த வருடம் ஒரு சிக்கல். நிலா மாதங்கள் பருவத்திலிருந்து விலகிப் போகாமல் இருக்க, சில வருடங்களில் அவர்கள் ஆதார் என்ற மாதத்தை இரண்டு தடவை வைப்பார்கள். ஒற்றை ஆதாரில் செத்தவருக்கு இரட்டை ஆதார் வருகிற வருடத்தில் எந்த ஆதாரில் திதி? சபையின் வழக்கம் என்னவென்று எழுதிய குறிப்பு அலுமாரியில் இருந்தது. அலுமாரிச் சாவி ரபியின் வீட்டில். ஒரு கைபேசிச் செய்தி போட்டிருந்தால் எழுதிப் பதில் அனுப்பியிருப்பார். நான் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, ஒரு மாதத்திலை ஒரே திதி ரெண்டு தரம் வந்தால் எங்கடை ஆக்கள் எதை எடுக்கிறவை?"

"பிந்தினதை. டுசல்டோர்ஃப் ஐயர் வடிவாச் சொல்லித் தந்தவர். முன்னுக்கு வாறது கணக்கிலை இல்லை. ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. வேலைக்கு."

"சேர்ச்சிலை திவசமும் செய்யிறவையோ?" என்றார் அப்பா.

பதினொரு கடிதம். எல்லாவற்றிலும் இரண்டாம் ஆதார். முத்திரை நேராக ஒட்டினேன்.

ஆறு வாரம் கழித்து ரபி வந்தார். பேசலாம், ஆனால் ஏப்ரல் முடியும் வரை முழுக்குரலில் பாடக்கூடாது. மெல்லிய குரலில், முணுமுணுப்பு மாதிரி, நான் அனுப்பிய கடிதங்களின் பட்டியலைப் பாடத் தொடங்கினார். மூன்றாவது பெயரில் குரல் தடுக்கியது.

"இந்த வருசம் எத்தினை ஆதார்?"

"ரெண்டு."

"இவையெல்லாருக்கும் ரெண்டாவதைப் போட்டிருக்கிறாய்."

"ஓம்" என்றேன், பாராட்டு வரப்போகிறது என்ற முகத்தோடு.

"ஆர் சொன்னது?"

"அப்பா."

ரபி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கொப்பர் எந்த ரபியிட்டைப் படிச்சவர்?"

"ரபி இல்லை. டுசல்டோர்ஃபிலை ஒரு ஐயர்."

"முதலாம் ஆதார் எப்ப முடிஞ்சது?"

"போன கிழமை."

அவர் பட்டியலை மேசையில் வைத்தார். "ரெண்டாவதிலும் சேர்த்துச் செய்யிற ஆக்கள் இருக்கினம். அதாலை கொப்பரை முழுப்பிழை எண்டு சொல்லேலாது. ஆனால் இந்தச் சபையின்ரை வழக்கம் முதலாவது. பதினொரு பேருக்கு அந்த நாள் தெரியாமலே போட்டுது. பதினொரு பேரிட்டையும் நீயே போய்ச் சொல்லு. கடிதம் எழுதாதை. நடந்து போ."

நடந்தேன். பத்துப் பேர் என்னை நன்றாகவே நடத்தினார்கள். ஃபைனா அக்கா, "என்ரை மனிசன் உயிரோடை இருக்கேக்கையே ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஒரு மாதம் பொறுப்பார்" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பதினொராவது ஆள் லேவ் ஐயா.

லேவ் ஐயா கார்கிவில் பாலம் கட்டிய பொறியியலாளர். எண்பத்தாறு வயது. அவரும் பாட்டுக்கு எழுந்து வெளியே வருகிற கட்சிதான். வெளியே வந்தால் சரியாக என் அலுவலகக் கதவோரம் நிற்பார். நின்று, உள்ளே ரபி பாடுவதைக் கூடவே முணுமுணுப்பார்.

"கேக்கக் கூடாதெண்டால் ஏன் கூடப் பாடுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் கதவோடை சேர்ந்து பாடுறன். கதவு பொம்பிளையோ?" என்றார். பிறகு, "சட்டம் எனக்குத் தெரியாது, பிள்ளை. அப்பா இருந்திருந்தால் எழும்பிப் போயிருப்பார். அதாலை போறன்" என்றார்.

அந்த அப்பா, போர்க்காலத்தில் கிழக்கே தப்பிப்போன ரயிலில் காய்ச்சல் கண்டு செத்தவர். லேவ் ஐயாவுக்கு அப்போது நான்கு வயது. தாய்க்குத் திகதி ஒன்றும் தெரியாது. ஆதார் மாதத்தில் வரும் "பூரிம் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்" என்று மட்டும் சொல்லி வளர்த்தார். சோவியத் காலம் முழுக்கக் கதீஷ் சொல்ல வழியில்லை. அறுபது தாண்டி ஜெர்மனிக்கு வந்த பிறகுதான், அந்தப் பிரார்த்தனையை ரஷ்ய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிப் பாடமாக்கினார். அதன் பின் ஒரு வருடமும் தவறவில்லை. நான் தவற வைத்தேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்குப் பின் அந்த மனிதனுக்காக ஆமென் சொல்ல வைக்க ஒருவரும் இல்லை. இப்போது அவர் இதய வால்வு சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலையில். இந்த வயதில் எழும்புவது பாதிக்குப் பாதி என்று மருத்துவர் அவரிடமே சொல்லியிருந்தார்.

கட்டிலோரம் நின்று சொன்னேன். வரும்போது பாடமாக்கிய மன்னிப்பு உரை ஒன்று இருந்தது. முதல் வரியிலேயே மறந்துபோயிற்று. "பிழையான மாதம் போட்டுட்டன். உங்கடை அப்பான்ரை நாள் போன மாதம் போட்டுது" என்று மட்டும் வந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். "அப்ப போன மாதம் பாத்துக்கொண்டிருந்திருப்பார்" என்றார்.

நான் பையிலிருந்து காலண்டரை எடுத்தேன்.

"ரெண்டாவது எப்ப வருது?"

"வாற செவ்வாய்."

"எனக்குப் புதன் விடிய ஒப்பரேஷன்." இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்தார். "செவ்வாய் பத்துப் பேர் வேணும். பத்தும் ஆம்பிளையள். அப்பான்ரை கணக்கிலை அப்பிடித்தான்."

எங்கள் சபையில் பெண்களையும் பத்தில் சேர்ப்பது வழக்கம். ரபி யூதித் வந்த பிறகு வந்த வழக்கம். ரபியிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார்.

"என்னை ஒரு ஆளா எண்ண வைக்க எனக்கு இஞ்சை மூண்டு வருசம் எடுத்தது" என்றார். பிறகு, "சரி. பத்து ஆம்பிளையள் தேடு. என்னைச் சேர்க்காதை."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்பது ஆண்கள். லேவ் ஐயாவோடு பத்து. இலகு என்று நினைத்தேன். முப்பத்தொரு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவருக்குப் பல் டெர்மின். ஒருவர் மகளைப் பார்க்க கார்ல்ஸ்ரூஹேவில். ஒருவர், "லேவ் எனக்குச் சதுரங்கத்திலை கள்ளம் விட்டவன்" என்றார்; அரை மணி நேரம் அந்த ஆட்டத்தை நகர்வு நகர்வாகக் கேட்ட பிறகு வரச் சம்மதித்தார். திங்கள் மத்தியானம் ஒன்பது பெயரும் சேர்ந்தன. நான் அட்டவணை போட்டு, எஸ்-பான் ரயில் நேரங்களை எழுதி, வரைபடத்தோடு அனுப்பினேன். கீழே 'அளவிலா நன்றி' என்று எழுதாமல் இருக்கப் பெரும்பாடுபட்டேன்.

செவ்வாய். வார்டு வாசலில் எங்களை மறித்தவர் தலைமைத் தாதி. சட்டையில் கலா என்று பெயர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

"தங்கச்சி, இதென்ன ஊர்வலம்? ஒரு நோயாளிக்கு ரெண்டு பேர்தான். இத்தினை பேருக்கு ஏலாது."

"அக்கா, ஒரு கால் மணி நேரம்—"

"ஏலாது எண்டால் ஏலாது. நாலு மணிக்கு அவரை மயக்க மருந்து டொக்டரிட்டைக் கொண்டுபோகோணும்."

நான் யூத சட்டத்தில் பத்துப் பேரின் இடம் பற்றி விளக்க வாய் திறந்தேன். ரபி என் கையைப் பிடித்து அழுத்தினார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தில் பன்னிரண்டு நிமிடம் வரப்போவது தெரிந்திருக்கிறது. ஆகவே சுருக்கிச் சொன்னேன்: "அவரின்ரை தேப்பன்ரை திவசம், அக்கா. நாளைக்கு அவருக்கு ஒப்பரேஷன்."

கலா அக்கா என்னை முறைத்தார். "அதை முதல் சொல்லுறேல்லையோ? வாசலிலை நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்." நடைபாதைக் கடைசியில், நோயாளிகள் வந்து உட்கார்ந்து கதைக்கிற பொது அறையைத் திறந்துவிட்டார். லேவ் ஐயாவைச் சக்கர நாற்காலியில் அவரே தள்ளிக்கொண்டு வந்தார்.

யூதர்கள் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணமாட்டார்கள். பத்துச் சொல் உள்ள ஒரு வேத வரியை, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ரபி சொல்லிக்கொண்டு போனார். ஒன்பதாவது சொல்லில் நின்றது. கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. சதுரங்கக்காரர்! என் கைபேசியில் அவர் செய்தி: சமிக்ஞைக் கோளாறு, எஸ்-பான் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. நேரம் மூன்று இருபது.

ஓடிப்போய்க் கலா அக்காவைப் பிடித்தேன். "அக்கா, இந்த வார்டிலை வேற யூத ஆக்கள் ஆரும்..."

"என்னாலை சொல்லேலாது. நோயாளியின்ரை சமயம், பேர், ஒண்டும் சொல்லேலாது. டாட்டன்ஷுட்ஸ், ஆக்களின்ரை தகவலைக் காக்கிற சட்டம். என்ரை வேலை போயிடும்." நடைபாதையை ஒரு தரம் பார்த்தார். "ஆனால் கதவுகளைத் திறந்து விடலாம். காத்துக்கு." போய் அந்த நடைபாதையின் கதவுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் தன் மேசைக்குப் போனார்.

ரபிக்கு நான் மொழிபெயர்த்தேன். பின்னேர வழிபாட்டின் தொடக்கத்தில் சங்கீதம் என்கிற வேதப்பாடல் ஒன்று உண்டு. அதைப் பாடப் பத்துப் பேர் தேவையில்லை, திறந்த கதவுகள் வழியாக அது கேட்கும். ரபி லேவ் ஐயாவைப் பார்த்தார். லேவ் ஐயா தன் கையில் பூட்டியிருந்த வயரைக் காட்டி, "இண்டைக்கு என்னாலை வெளியிலை போகேலாது" என்றார்.

"அப்ப கேட்டுத்தான் ஆகோணும்" என்றார் ரபி.

பாடினார். முணுமுணுப்பு இல்லை. ஆறு வார மௌனம், மருத்துவர், ஏப்ரல், ஒன்றும் இல்லை. ஓபராவில் பதினொரு வருடம் மூன்றாம் வரிசையில் நின்றவர் அத்தனை வருடத்தையும் ஒரேயடியாக அந்த நடைபாதையில் விட்டமாதிரி இருந்தது. மேலே போகையில் குரல் ஓரத்தில் கிழிவது எனக்கே கேட்டது. நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் முதலிலிருந்து பாடினார்.

நடைபாதையில் சில்லுச் சத்தம். செலைன் போத்தல் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, செருப்பை இழுத்து இழுத்து, ஒரு மெலிந்த கிழவர் வாசலில் வந்து நின்றார். முகம் நிறையக் கோபம்.

"ஆர் அது பாடுறது? கடைசி அடி இறங்கோணும். நீங்கள் ஏத்துறியள். எங்கடை அப்பாமாரெல்லாம் அதை இறக்கித்தான் பாடினவை."

"இறக்கிறன்" என்றார் ரபி, குரல் பாதி போன நிலையில். "நீங்கள் உள்ளுக்கு வந்து நில்லுங்கோ."

மறுபடி அந்த வேத வரி. பத்தாவது சொல் கிழவரின் மேல் விழுந்தது. அவர் அப்போதும் மெட்டைப் பற்றித்தான் முறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

லேவ் ஐயா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றார். அட்டையை எடுத்தார், கண்ணாடி அறையில் விட்டு வந்திருந்தார், அட்டையைப் பார்க்காமலே சொன்னார். ஒன்பது ஆண்களும் ஆமென் சொன்னார்கள். கதவருகில் ரபியும் நானும் நின்றோம், கணக்கில் சேராத இரண்டு பேர். நாங்களும் சொன்னோம். ரபிக்குக் குரலுக்குப் பதில் காற்றுத்தான் வந்தது.

அன்று போன குரல் ஜூன் வரை திரும்பவில்லை. மருத்துவர் திட்டியதை ரபிக்குப் பதிலாக நான் உட்கார்ந்து கேட்டேன். மறுநாள் அலுவலகத்தில் என் மேசையில் ஒரு துண்டுத் தாள், ரபியின் எழுத்தில்: "கிழவர் சொன்னது சரி. கடைசி அடி இறங்கத்தான் வேணும்."

லேவ் ஐயா எழும்பினார். எட்டாம் நாள் பார்க்கப் போனேன். நெஞ்சில் கட்டு, வாயில் சண்டை; வைத்தியசாலை சூப்பில் உப்பு இல்லையாம்.

"அடுத்த தரம் ரெண்டு ஆதார் எப்ப வருது?" என்றார்.

நான் விரலை மடக்காமல் மூன்று தடவை சரிபார்த்துவிட்டுச் சொன்னேன். "மூண்டு வருசத்திலை."

"எனக்கு எண்பத்தொன்பது." யோசித்தார். "ரெண்டு கடிதம் அனுப்பு. முதலாவது ரபியின்ரை கணக்கு. ரெண்டாவது, பூரிமுக்குப் பக்கத்திலை வாறது, அது அம்மான்ரை கணக்கு. முதலாவதுக்கு நான் ஜெபாலயத்துக்கு வாறன். ரெண்டாவதுக்கு நீங்கள் எல்லாரும் என்ரை வீட்டை வாங்கோ. ரபியையும் கூட்டிக்கொண்டு வா. கதவைத் திறந்து வைக்கிறன்."

இரண்டு வருடம் கழித்து வேலையை விட்ட நாளில் கடைசியாகச் செய்தது அதுதான். ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற அவசரத்திலும் இரண்டு கடிதத்தையும் எழுதி, திகதிகளை ரபியிடம் காட்டி, உறையில் போட்டேன். கடிதம் போகும்போது அவருக்கு எண்பத்தொன்பது என்று நினைத்து, முகவரிக்கு முதலில் பென்சிலைத்தான் எடுத்தேன். பிறகு அவருடைய வீட்டு இலக்கத்தையே, இரண்டிலும், மையால் எழுதினேன்.